ஆன்டிபயாடிக் கண் சொட்டு மருந்து: பாட்டிலைத் திறப்பது முதல் தூக்கிப் போடுவது வரை

காலையில் எழுந்ததும் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் கண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. உடனே கை தேடுவது சொட்டு மருந்து பாட்டிலைத்தான். ஆனால் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாக்டீரியாவை மட்டுமே அடக்கும். கண் சிவப்பதற்கோ வைரஸ், அலர்ஜி, தூசி, காண்டாக்ட் லென்ஸ் உறுத்தல், திடீரென ஏறும் கண் அழுத்தம் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் எதற்கும் இந்த மருந்து உதவாது. அப்படியே சரியான நோய்க்குத்தான் போடுகிறோம் என்றாலும், பாட்டிலின் முனை ஒருமுறை இமையில் பட்டுவிட்டால் உள்ளே இருக்கும் மருந்திலேயே கிருமி குடியேறிவிடலாம்.

என்னைக் கேட்டால், எந்த ஆன்டிபயாடிக் என்பதைவிட அதை எப்போது, எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் மருந்தின் பெயர்கள் குறைவாகவும், போடும் முறை கூடுதலாகவும் இருக்கும்.

முதலில், இது பாக்டீரியாதானா?

மெட்ராஸ் ஐ என்று பொதுவாகச் சொல்லப்படும் கண் நோயில் பெரும்பங்கு வைரஸால் வருவது. குறிப்பாகப் பெரியவர்களுக்கு. அடினோவைரஸ்தான் அதில் முக்கியமான ஆள். தண்ணீர் தண்ணீராக வடியும், மண் விழுந்தது போல உறுத்தும், ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்குப் போகும். கூடவே சளி, தொண்டை வலி இருக்கலாம். காதுக்கு முன்னால் சின்ன நெறி கட்டலாம். இதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தானாகவே அடங்கும்.

அலர்ஜி என்றால் அரிப்புதான் தலையாய அடையாளம். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் அரிக்கும், தும்மல் வரும், வடிவது தெளிந்த நீராகவோ நூல் நூலாகவோ இருக்கும்.

பாக்டீரியாத் தொற்றில் வருவது மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை. துடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சேரும். தூங்கி எழும்போது இமைகள் பசை போட்டது போல ஒட்டியிருக்கும். குழந்தைகளுக்கு இந்த வகைதான் அதிகம். ஸ்டெஃபைலோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள்தான் வழக்கமான காரணம்.

ஆனால் இந்த அடையாளங்கள் கறாரானவை அல்ல. வைரஸ் தொற்றிலும் காலையில் இமை ஒட்டும். மருத்துவர்களே சில சமயம் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் திணறுவார்கள். இன்னொரு விஷயம், பாக்டீரியா என்றே உறுதியானாலும் லேசான தொற்று பலருக்கும் ஏழு முதல் பத்து நாளில் மருந்தே இல்லாமல் சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் அந்த நாட்களைக் கொஞ்சம் குறைக்கும், பிறருக்குப் பரவுவதையும் குறைக்கும், அவ்வளவுதான். ஆகவே மருத்துவர் "ரெண்டு மூணு நாள் பார்ப்போம், கண்ணைச் சுத்தமா வெச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினால், அவர் அலட்சியம் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

சொட்டு மருந்தைத் தொடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டிய கண்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் புரட்டாதீர்கள். சாதாரணக் கண் தொற்றில் உறுத்தல் இருக்கும், எரிச்சல் இருக்கும். கடுமையான வலி இருக்காது. பீளையைத் துடைத்தபின் பார்வை தெளிவாக இருக்கும். இந்த இரண்டில் ஒன்று மாறினாலே அது வேறு விஷயம்.

ஆழமான வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், துடைத்த பிறகும் மங்கலாகவே இருக்கும் பார்வை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இரண்டு கண்பாவைகளும் அளவில் வேறுபட்டிருப்பது, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிவது, தலைவலியோடு வாந்தி. இவற்றில் எது இருந்தாலும் அதே நாளில் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவிழிப் புண், கண்ணுக்குள் அழற்சி, திடீர் கண் அழுத்தம் எல்லாமே வெளியில் வெறும் சிவந்த கண்ணாகத்தான் தெரியும். கண்ணில் அடிபட்டிருந்தாலும், இரும்புத் துகள் தெறித்திருந்தாலும் அப்படியே. ரசாயனம் பட்டிருந்தால் மருத்துவரைத் தேடுவதற்கு முன்பே சுத்தமான தண்ணீரால் கண்ணைத் தொடர்ந்து கழுவத் தொடங்கிவிட வேண்டும், குறைந்தது 15 நிமிடமாவது.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண் சிவந்து வலித்தால் காத்திருக்கவே கூடாது. லென்ஸோடு தொடர்புடைய தொற்றில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அடிக்கடி வரும். அது ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடக்கூடியது.

இமை வீங்கி, காய்ச்சல் வந்து, கண்ணை அசைத்தால் வலித்தாலோ விழி முன்னால் தள்ளிக்கொண்டு தெரிந்தாலோ, தொற்று கண் குழிக்குள் பரவியிருக்கலாம். நெற்றியிலும் இமையிலும் ஒரே பக்கமாகக் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். துடைக்கத் துடைக்க ஊற்று மாதிரி சீழ் வந்துகொண்டே இருந்தால் பாலுறவால் பரவும் கொனோரியாக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது.

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தையின் கண்ணில் சிவப்பும் சீழும் வந்தால் அது அவசரம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும் கிருமிகள் அந்தக் கண்ணைச் சில நாளிலேயே பறித்துவிடக்கூடும். 1881ல் கார்ல் கிரெடே என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர், பிறந்ததும் குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு இப்படிப் பார்வை இழந்த குழந்தைகள் ஏராளம்.

மருந்தை வாங்கியதும் பார்க்க வேண்டியவை

பாட்டிலில் "கண்ணுக்கு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். காது சொட்டு மருந்து பாட்டிலும் இதே அளவில், இதே வடிவில்தான் வரும். கண் மருந்தைச் சில சமயம் மருத்துவர் காதுக்கு எழுதுவது உண்டு. காது மருந்தை ஒருபோதும் கண்ணில் விடக்கூடாது. இதைவிட மோசமானது, சின்னப் பசை பாட்டிலைக் கண் மருந்து என்று நினைத்து எடுத்துவிடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உலகம் முழுக்கக் கண் அவசரப் பிரிவுகளுக்குப் பழக்கமான விபத்து அது. கண் மருந்துக்கு வீட்டில் தனி இடம் வையுங்கள்.

அடுத்தது மருந்தின் பெயர். குளோராம்ஃபெனிகால், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், டோப்ராமைசின், ஜென்டாமைசின், அசித்ரோமைசின் ஆகியவை வழக்கமாக எழுதப்படுபவை. பிராண்டின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான பெயர். அந்த வரியில் ஆன்டிபயாடிக்கோடு டெக்சாமெதசோன், ப்ரெட்னிசோலோன், பீட்டாமெதசோன் என்று இன்னொரு பெயரும் சேர்ந்திருந்தால், அது ஸ்டீராய்டு கலந்த மருந்து.

இந்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து போட்ட மறுநாளே சிவப்பு அடங்கிவிடும், எரிச்சல் போய்விடும். அதனாலேயே "போன தடவை இதுதான் கேட்டுச்சு" என்று மக்கள் அதைத் திரும்பத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது உடலின் எதிர்ப்பை, கிருமியை அல்ல. கருவிழியில் இருப்பது ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால், மேலே சிவப்பு குறைய, உள்ளே புண் பரவும். வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். மாதக்கணக்கில் போனால் கண்புரை வரலாம். கண் மருத்துவர் கருவியில் பார்த்து எழுதினால் அது நல்ல மருந்துதான். எழுதாமல் அதைப் போடாதீர்கள், அடுத்த வீட்டுக்காரருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

காலாவதித் தேதியையும், மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குலுக்கிப் போடச் சொல்லியிருக்கிறதா, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டுமா என்பதும் லேபிளில் இருக்கும். குளோராம்ஃபெனிகால் சொட்டு மருந்தைப் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள், உறைய விடக்கூடாது.

முன்பு ஏதாவது ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்திருந்தாலும்கூட, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ரத்த அணு சம்பந்தமான நோய் தங்களுக்கோ குடும்பத்திலோ உள்ளவர்கள் குளோராம்ஃபெனிகால் பற்றிக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

பாட்டிலைத் திறப்பது

சில பாட்டில்களின் முனையில் துளை இருக்காது. மூடிக்குள்ளேயே ஒரு கூர்முனை இருக்கும். மூடியை இறுக்கமாக முழுவதும் திருகினால் அது முனையைத் துளைக்கும். இது தெரியாமல் பலர் ஊசியாலோ குண்டூசியாலோ குத்துகிறார்கள், பல்லால் கடித்தோ கத்தரியால் வெட்டியோ திறக்கிறார்கள். துளை பெரிதாகிவிடும், ஒரு சொட்டுக்குப் பதில் ஓடையாகக் கொட்டும். சுத்தமில்லாத ஊசியோடு கிருமியும் உள்ளே போகும். தவிர, வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு கண்ணைக் கீறலாம்.

முத்திரை உடைந்தபின் பாட்டிலின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தளர்வாகத் தொங்கினால் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். பாட்டிலைக் கவிழ்க்கும்போது அது கண்ணில் விழும்.

திறந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளுக்குத் திறந்தபின் ஆயுள் 28 நாள்தான். அட்டையில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதி, திறக்காத பாட்டிலுக்கு உரியது. ஒரு தடவைக்கு மட்டும் என்று வரும் சின்னக் குப்பிகளை, பாதி மிச்சம் இருந்தாலும், உடனே எறிந்துவிட வேண்டும்; பெரும்பாலும் அவற்றில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் இருக்காது.

கண்ணைச் சுத்தம் செய்வது

பீளையின் மேல் மருந்து விடுவது வீண். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடியாவது கழுவி, சுத்தமான துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சையோ சுத்தமான மெல்லிய துணியையோ நனைத்து, மூடிய இமையின் மேல் சற்று நேரம் வைத்தால் காய்ந்த பீளை ஊறிவிடும். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே ஒரு துடைப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்த துடைப்புக்குப் புதிய பஞ்சு. அடுத்த கண்ணுக்கும் புதியதுதான். இமையில் ஒட்டியதை நகத்தால் உரிக்கக் கூடாது. முடித்ததும் கையை மறுபடி கழுவுங்கள்.

ஒரு சொட்டு, சரியான இடத்தில்

படுத்துக்கொண்டு போடுவது எல்லோருக்கும் எளிது. உட்கார்ந்தால் தலையை நன்றாகப் பின்னால் சாயுங்கள். மூடியைக் கழற்றி, வாய் மேலே பார்க்கும்படி சுத்தமான இடத்தில் வையுங்கள். சட்டைப் பையில் வேண்டாம்.

ஒரு கையின் ஆள்காட்டி விரலால் கீழ் இமையை, இமை மயிருக்குக் கொஞ்சம் கீழே தொட்டு, மெதுவாகக் கீழே இழுங்கள். இமைக்கும் விழிக்கும் இடையில் ஒரு சின்னப் பை போல இடம் விரியும். மருந்து விழ வேண்டியது அங்கேதான், நேராகக் கருவிழி மேல் அல்ல. கருவிழியில்தான் உணர்ச்சி அதிகம். அதன் மேல் சொட்டு விழுந்தால் கண் படக்கென்று மூடிக்கொண்டு பாதி மருந்தை வெளியே தள்ளிவிடும்.

இப்போது பார்வையை மேலே, நெற்றியைத் தாண்டிய ஓர் இடத்தில் நிறுத்துங்கள். பாட்டிலைப் பார்க்காதீர்கள். மேலே பார்த்தால் கருவிழியும் முனையிலிருந்து விலகிவிடும், பயத்தில் இமைப்பதும் குறையும். பாட்டிலைப் பிடித்த கை ஆடினால், அந்தக் கையின் அடிப்பகுதியை நெற்றியிலோ, இமையை இழுத்திருக்கும் கையின் மேலோ ஊன்றிக்கொள்ளுங்கள். முனை கண்ணிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். லேசாக அழுத்துங்கள். ஒரு சொட்டு.

முனை இமையிலோ மயிரிலோ விரலிலோ படவே கூடாது. இதைக் கெடுபிடியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023ல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தின் வழியே, மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் பரவியது. சிலர் பார்வையையும் சிலர் கண்ணையுமே இழந்தார்கள், இறந்தவர்களும் உண்டு. அங்கே கோளாறு பாட்டில் கைக்கு வருவதற்கு முன்பே நேர்ந்தது என்றாலும், கிருமி ஏறிய சொட்டு மருந்து என்ன செய்யும் என்பது அதிலிருந்து தெரியும். முனை பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அதைத் துடைத்தோ கழுவியோ சரிசெய்ய முயல வேண்டாம். மருந்தாளரிடம் கேட்டுப் புதிய பாட்டிலுக்கு மாறுவது நல்லது.

சொட்டு விழுந்ததும் இமையை விட்டுவிட்டு, கண்ணை மெதுவாக மூடுங்கள். இறுக்கி மூடக் கூடாது, படபடவென்று இமைக்கவும் கூடாது. இரண்டுமே மருந்தைப் பிதுக்கி வெளியே தள்ளும். மூடியபடியே மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணிலேயே தங்கும், தொண்டையில் கசப்பு தெரிவதும் குறையும். கன்னத்தில் வழிந்ததை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, பாட்டிலை உடனே மூடி, மறுபடி கை கழுவுங்கள்.

"ஒரு சொட்டு போதுமா, ரெண்டு விட்டா சீக்கிரம் கேட்காதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். கண்ணின் மேற்பரப்பில் எப்போதும் இருக்கும் கண்ணீரின் அளவு சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். இமைகளுக்கு உள்ளே அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். அதாவது ஒரு சொட்டிலேயே இடம் நிரம்பி வழிந்துவிடுகிறது. இரண்டாவது சொட்டு கன்னத்துக்கும் மூக்குக்கும்தான் போகும். முதல் சொட்டு வெளியே விழுந்துவிட்டால் மட்டும் இன்னொன்று விடுங்கள். விழுந்ததா என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு ஒரு யோசனை: குளிரில் வைக்கும் மருந்தானால் அப்படியே போடுங்கள், சில்லென்று பட்டால் விழுந்தது தெரியும். அந்தச் சில்லிப்பு பிடிக்காதவர்கள் போடுவதற்கு முன் பாட்டிலைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்திருக்கலாம்.

இரண்டு மருந்து இருந்தால், களிம்பு இருந்தால்

அடுத்தடுத்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். களிம்பு எப்போதும் கடைசியில். எண்ணெய்ப் பசை மேலே படிந்துவிட்டால் அதன்பின் சொட்டு மருந்து உள்ளே இறங்காது.

களிம்பைப் போடுவதும் இதே முறைதான். கீழ் இமையை இழுத்து, உள்ளே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கோடாகப் பிதுக்கி, கண்ணை மூடி விழியை மெல்ல உருட்டுங்கள். அதன்பின் பார்வை நன்றாகவே மங்கும். அதனால்தான் பெரும்பாலும் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். சொட்டு மருந்தோ களிம்போ, பார்வை முழுதும் தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரத்தில் வேலை செய்யக் கூடாது.

குழந்தைக்குப் போடும்போது

கெஞ்சி, மிரட்டி, நான்கு பேர் பிடித்துப் போட்டால், அடுத்த வேளை பாட்டிலைக் கண்டாலே ஓடிவிடும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தக் குழிவில் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே வழிந்துவிடும். தலையை உடனே தூக்க விடாதீர்கள். கைக்குழந்தையாக இருந்தால் கைகள் உள்ளே இருக்கும்படி துணியில் சுற்றிக்கொண்டு, கீழ் இமையை மெல்ல இழுத்து விடலாம். தூங்கும்போது போடுவதும் தப்பில்லை, ஆனால் பீளை இல்லாமல் இருக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும்போது போட்டால் கண்ணீரோடு போய்விடும். சமாதானம் செய்துவிட்டே போடுங்கள்.

கை நடுக்கம், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குப் பாட்டிலைப் பொருத்திக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் கருவிகள் கிடைக்கின்றன. மூடிய கண் ஓரத்தில் விடும் முறை அவர்களுக்கும் கைகொடுக்கும்.

எத்தனை வேளை, எத்தனை நாள்

மருத்துவர் எழுதியதே கணக்கு. மருந்துக்கு மருந்து இது மாறும். குளோராம்ஃபெனிகால் என்றால் முதல் இரண்டு நாள் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, பிறகு நாளுக்கு நான்கு வேளையாக, மொத்தம் ஐந்து நாள் என்பது ஒரு வழக்கமான அட்டவணை. மாக்சிஃப்ளாக்சசின் நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்று வரும். சாதாரணக் கண் தொற்றுக்காக நடுராத்திரி அலாரம் வைத்து எழ வேண்டியதில்லை. கருவிழிப் புண் வேறு மாதிரி: முதல் இரண்டு நாள் இரவும் பகலும் மணிக்கொரு தடவை போடச் சொல்வார்கள், அங்கே தூக்கத்தை விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடக் கூடாது.

சிலருக்கு இரண்டாவது நாளே கண் வெளுத்துவிடும். அப்போதுதான் பலர் நிறுத்துகிறார்கள். சொன்ன நாள்வரை போடுங்கள். அதே மாதிரி, நன்றாகிவிட்டது, பாட்டிலில் மருந்து மிச்சம் இருக்கிறது என்பதற்காக வாரக்கணக்கில் தொடரவும் வேண்டாம். டோப்ராமைசின், ஜென்டாமைசின் போன்றவற்றை நெடுநாள் போட்டால் விழியின் மேற்பரப்பே புண்ணாகிச் சிவக்கும். தொற்று இன்னும் போகவில்லை என்று நினைத்து மேலும் போட, மேலும் சிவக்கும்.

இரண்டு மூன்று நாள் ஒழுங்காகப் போட்டும் முன்னேற்றமே இல்லையென்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். வைரஸாக இருக்கலாம், அந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம், மருந்தே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். எதுவானாலும் கடைக்குப் போய் அடுத்த பாட்டிலை வாங்குவது அதற்குத் தீர்வல்ல.

எது சாதாரணம், எது இல்லை

விட்டதும் சில விநாடி எரியும். கொஞ்ச நேரம் மங்கும். தொண்டையில் கசக்கும், மூக்கு வழியாக இறங்கிய மருந்துதான் அது. இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசினை அடிக்கடி போடும்போது கருவிழிப் புண்ணின் மேல் வெள்ளையாக மருந்தே படியலாம். ஆனால் வெள்ளைப் புள்ளியைப் பார்த்து அதை நீங்களே மருந்துதான் என்று தீர்மானித்துவிடாதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும்.

ஒவ்வொரு சொட்டுக்குப் பின்னும் சிவப்பும் அரிப்பும் கூடிக்கொண்டே போவது, இமை உப்புவது, கண்ணைச் சுற்றித் தோல் தடித்து உரிவது ஆகியவை அலர்ஜியின் அடையாளம். நியோமைசின் கலந்த மருந்துகளில் இது அடிக்கடி வரும். மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இப்படி நடப்பது மிக அரிது.

காண்டாக்ட் லென்ஸ்

சிகிச்சை முடியும்வரை லென்ஸ் வேண்டாம், கண்ணாடிதான். தொற்றுள்ள கண்ணில் லென்ஸ் கிருமியை அடைத்து வைக்கும். சொட்டு மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பொருளும் மென்மையான லென்ஸில் ஊறி, கண்ணை உறுத்தும். தொற்று வந்தபோது போட்டிருந்த லென்ஸையும் அதன் பெட்டியையும் திறந்த கரைசலையும் தூக்கிப் போடுங்கள். ஒன்று மட்டும்: கருவிழியில் தொற்று என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் அவர் அந்த லென்ஸையும் பெட்டியையும் பரிசோதனைக்குக் கேட்கலாம், எனவே அவரைப் பார்க்கும்வரை வைத்திருங்கள். கடைசிச் சொட்டுக்குப் பின் ஒரு முழு நாளாவது கழிந்து, சிவப்பும் பீளையும் அறவே இல்லை என்றால் புதிய லென்ஸைத் தொடங்கலாம்.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல்

ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் கண் வந்தாலும் இரண்டு பாட்டில்தான். துண்டு, தலையணை உறை, கைக்குட்டை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும், வெந்நீரில் துவையுங்கள். கண் மையையும் மஸ்காராவையும் தொற்று இருக்கும்வரை தொடாதீர்கள், அந்த நாட்களில் பயன்படுத்தியதை எறிந்துவிடுங்கள். நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் பயம். கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட பொருள், அதைத் தொட்ட இன்னொரு கை, இந்த வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது.

நன்றாக இருக்கும் அடுத்த கண்ணிலும் முன்னெச்சரிக்கையாக விடலாமா? மருத்துவர் சொன்னால் மட்டும். அப்படிச் சொல்லியிருந்தால் நல்ல கண்ணில் முதலில் விட்டுவிட்டு, நோயுள்ள கண்ணுக்குப் பிறகு வாருங்கள்.

மிச்சம் இருக்கும் பாட்டில்

சிகிச்சை முடிந்த அன்றே அதை அப்புறப்படுத்திவிடுங்கள்; மருந்துக்கடையில் பழைய மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றால் அங்கே கொடுக்கலாம். வீட்டில் வைத்தால் அடுத்த தடவை யாருக்காவது கண் சிவக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். அதற்குள் 28 நாள் கடந்திருக்கும், வந்திருப்பது வேறு நோயாகவும் இருக்கலாம். பெயரையும் தேதியையும் மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எந்த மருந்து, எத்தனை நாள் போட்டீர்கள், ஒத்துக்கொண்டதா. சிகிச்சை நடுவிலேயே மருத்துவரிடம் திரும்பப் போவதானால் பாட்டிலையே கையோடு எடுத்துப் போங்கள். "வெள்ளை மூடி போட்ட சின்ன பாட்டில்" என்று சொன்னால் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் பாட்டிலும் அப்படித்தான் இருக்கும்.